தா.பழூரைக் கண்டதும் வளைந்த கோடு

பெரம்பலூர்,
தை மாதக் கடைசி ஞாயிறு.

அன்பு மாப்பிள்ளை தமிழரசனுக்கு, உங்கள் பெரியக்காள் கணவர் செல்லமுத்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் வளர்மதியும் நலம். என் வயிறு மட்டும் நலமாக இல்லை. அதன் காரணம் போகப் போகத் தெரியும். ஓசூரில் நீங்களும் சிவரஞ்சனியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் மேற்கொண்டு எழுதுகிறேன். இதை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு எடுத்துக்காட்டு சொல்ல ஆரம்பித்தாலே நீங்கள் "சிக்னல் இல்ல மாமா" என்று சொல்லிவிடுகிறீர்கள்.

பொங்கலுக்கு வந்தபோது என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "மாமா, ஒரே நாள்ல நம்ம பெரம்பலூரு, அரியலூரு ரெண்டையும் சுத்திக் காட்டிட முடியுமா? சிவரஞ்சனி ஒண்ணுமே பாத்ததில்ல. எனக்குக் கிடைக்கிறது ஒரு நாள் லீவுதான்." பணிக்காலம் முழுக்கப் புவியியல் நடத்தியவனிடம் கேட்கிற கேள்வியா அது? "தாராளமா முடியும்" என்றேன். உடனே நீங்கள் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தா.பழூர் பக்கம் மட்டும் வேணாம் மாமா. சின்னக்கா மூஞ்சிய எப்படிப் பாக்குறது? எம்மேல என்ன கோவம்னே தெரியல" என்றீர்கள். எனக்கும் அன்றைக்குத் தெரியாது. பரிமளா இரண்டு வருடத்துக்கு முன் திடீரென்று குடும்ப வாட்ஸாப் குரூப்பை விட்டு வெளியேறினாள். போன வருடம் உங்கள் கல்யாணத்துக்கு வந்தாள், அட்சதை போட்டாள், பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டாள். கூடப் பிறந்த தம்பி கல்யாணத்தில் கை நனைக்காமல் போனாள் என்றால் நம் பக்கத்தில் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. வளர்மதி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. இன்றுவரை தங்கைக்கும் தம்பிக்கும் நடுவில் நின்று அவள்தான் அல்லாடுகிறாள்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். பெரிய தாள் ஒன்றில் படம் வரைந்தேன். காலையில் வாலிகண்டபுரம் சிவன் கோயில், அங்கிருந்து எறையூர் கரும்புக் காடு, பிறகு அரியலூர், ஜெயங்கொண்டம், கங்கைகொண்ட சோழபுரம். அங்கிருந்து கொள்ளிடக் கரைக்கு இறங்கி தா.பழூர் வழியாகத் திரும்புவதுதான் இயல்பான வழி. நீங்கள் வேண்டாம் என்றதால் கோட்டை அந்த இடத்தில் வளைத்து, வந்த வழியே ஜெயங்கொண்டத்துக்கு ஏற்றிவிட்டேன். வகுப்பில் நான் சொல்வதுண்டு: ஆறு காரணமில்லாமல் வளையாது, எதிரே பாறை இருந்தால்தான் வளையும். இங்கே பாறை யார் என்று நான் யோசிக்கவில்லை. திட்டம் காகிதத்தில் அழகாக இருந்தது. ஆனாலும் சோதனை செய்யாமல் பாடம் நடத்தக் கூடாது என்பது என் கொள்கை. அதனால் நேற்று வாடகைக் கார் எடுத்து, வளர்மதியையும் கூட்டிக்கொண்டு ஒத்திகைக்குக் கிளம்பினேன். ஓட்டுநர் கலைச்செல்வன், நல்ல பையன், நல்ல பசிக்காரன்.

வாலிகண்டபுரத்தில் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வருகிறோம், செருப்புப் போடுகிற இடத்தில் குஞ்சம்மா சித்தி நிற்கிறார். உங்கள் அம்மாவின் தங்கை அந்த ஊரில்தான் இருக்கிறார் என்பதை நான் படத்தில் குறிக்கவில்லை. "ஏன் மாப்ள, சாமியப் பாக்க மட்டும் வழி தெரியுது, எங்க வூட்டுக்கு வழி தெரியலியா?" என்றார். நாங்கள் வீட்டில் சாப்பிட்டுத்தான் கிளம்பினோம் என்றேன். "அது உங்க வூட்டுச் சாப்பாடு. இது எங்க வூட்டுது" என்றார். இதற்கு எந்தப் பாடநூலில் பதில் இருக்கிறது? இட்லி, சின்ன வெங்காயச் சட்னி, இன்னொரு இட்லி. அதை முடித்து எறையூருக்குப் போனால், ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் ஒன்று எங்களுக்கு முன்னால் ஊர்வலம் போல அசைந்து போகிறது. அது வழிவிடாமல் போனதால்தான் நாங்கள் மெதுவாகப் போனோம், மெதுவாகப் போனதால்தான் வயலில் நின்ற உங்கள் பெரியப்பா மகன் கருப்பண்ணன் எங்களைப் பார்த்தார், பார்த்ததால்தான் வரப்பில் ஓடி வந்து காரை மறித்தார். "மச்சான், நம்ம ஊருக்குள்ள வந்துட்டுத் திருடன் மாதிரி போறீங்களே!" தோசை. நாட்டுக்கோழி வேறு. அரியலூர் போகும் வழியில் பாதிச் சாலையை மக்காச்சோளம் காயவைத்து மறித்திருந்தார்கள். கலைச்செல்வன் இறங்கி, கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளச் சொல்லிக் கேட்கப் போனான். போனவன், அந்த அம்மாவும் வளர்மதியும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். பணியாரம். நான் "போதும்" என்று கையை இலைக்கு மேல் நீட்டினால் என் விரல்களுக்கு நடுவில் பரிமாறுகிறார்கள். கலைச்செல்வன் மட்டும் எல்லா இடத்திலும் முதல் ஆளாக உட்கார்ந்து, கடைசி ஆளாக எழுந்தான். "மறுத்தா மனசு நோவும்ங்க சார்" என்று எனக்கே வகுப்பு எடுத்தான்.

ஜெயங்கொண்டம் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, சோடா வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கிறேன். யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். பரிமளா. கையில் கடைச் சாமான் பை.

"என்ன மாமா, எங்க ஊருகிட்ட வந்துட்டுக் கண்ணாடிய ஏத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

"ஒத்திகைம்மா" என்றேன்.

"எதுக்கு ஒத்திகை? நாடகம் போடறீங்களா?"

வளர்மதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பொய் சொல்லத் தெரியாதவன் என்பது ஊருக்கே தெரியும். தமிழரசன் வருகிறான், சுற்றிக்காட்டுகிறோம் என்று சொல்லி, ஒரு வேகத்தில் படத்தையும் விரித்துக் காட்டிவிட்டேன். அவள் நின்றபடியே பார்த்தாள். விரலை வைத்துக் கோட்டோடு போனாள். கொள்ளிடக் கரை வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"ஏன் மாமா, இந்தக் கோடு நல்லாத்தான வருது? எங்க ஊரக் கண்டதும் பாம்பப் பாத்த மாதிரி வளைஞ்சு ஓடுதே?"

"ரோடு சரியில்லன்னு கேள்விப்பட்டேன்."

"போன மாசந்தான் தார் போட்டாங்க. வாங்க, காட்டறேன்" என்று கதவைத் திறந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

ரோடு, மாப்பிள்ளை, பளிங்கு மாதிரி இருந்தது. இருபக்கமும் சம்பா அறுவடை நடக்கிறது. அவள் வீட்டில் இலை போட்டாள். சோறு, முருங்கைக்காய் சாம்பார், கத்திரிக்காய் வறுவல். இங்கேதான் என் பயணத்தின் பெரிய விபத்து நடந்தது. வழியெல்லாம் எந்த வீட்டிலும் மறுக்க முடியாமல் தின்றவன், கட்டாயம் சாப்பிட வேண்டிய ஒரே வீட்டில் ஒரு கவளம்கூட உள்ளே போக இடமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். "மோர் மட்டும் போதும்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வளர்மதி என்னைப் பார்த்த பார்வை புரிந்தது. பரிமளா என் இலையை எடுத்துக் கலைச்செல்வன் பக்கம் போட்டாள். அவன் மூன்று தடவை சோறு வாங்கினான். ஒவ்வொரு தடவையும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டே பரிமாறினாள்.

மோரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "உங்களக் குத்தம் சொல்லல மாமா. நம்ம ஆளுங்களுக்கு எங்க வூட்டுச் சோறுன்னாலே எடம் இருக்கறதில்ல. ரெண்டு வருசத்துக்கு முன்னால தம்பி ஆபீஸ் ஆளுங்களோட சோழபுரம் கோயிலுக்கு வந்தான். காலையில கோபுரத்த போட்டோ எடுத்துக் குரூப்ல போட்டான். அதப் பாத்துட்டு இவர ஆத்துக்கு அனுப்பி வெரால் மீன் வாங்கியாரச் சொல்லி, ஒலையில அரிசியப் போட்டேன். மத்தியானம் அடுத்த போட்டோ வந்துச்சு. ஜெயங்கொண்டத்து ஓட்டல்ல இல போட்டுச் சாப்புடறான். கீழ என்ன எழுதியிருந்தான் தெரியுமா? 'வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கு'ன்னு."

"நீ ஒரு போன் பண்ணிக் கூப்பிட்டிருக்கலாமேம்மா" என்றேன்.

"கூடப் பொறந்த அக்கா வூட்டுக்கு அழைப்பு வெக்கணுமா மாமா?"

அவள் கணவர் உள்ளேயிருந்து, "அந்தக் கொழம்ப நாங்க மூணு நாளு தின்னோம் சகல" என்றார். யாரும் சிரிக்கவில்லை, கொஞ்சம் கழித்து பரிமளாவே சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

திரும்பி வரும்போது கங்கைகொண்ட சோழபுரம் பார்க்கவில்லை. அதனால் ஒத்திகை முழுமையடையவில்லை. வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். கூட வந்தவர்களை அழைத்துப்போய் அக்காவைச் சிரமப்படுத்த வேண்டாம் என்றுதான் நீங்கள் அன்று ஓட்டலுக்குப் போயிருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும். நீங்கள் அவளுக்குச் சிரமம் கொடுக்கவில்லை. அவளோ அந்தச் சிரமத்துக்காகத்தான் காத்திருந்தாள். பாறை என்று நினைத்து நான் கோட்டை வளைத்த இடத்தில் ஒரு உலைப்பானைதான் இருந்தது. இருவரில் ஒருவராவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்காமலே தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிற அளவுக்கு இருவருக்கும் பாசம்.

ஆகவே திட்டத்தைத் திருத்தியிருக்கிறேன். காலையில் வாலிகண்டபுரம், பின் எறையூர், அரியலூர், கங்கைகொண்ட சோழபுரம். திரும்பும் வழியில் தா.பழூரில் இறங்கி ஒரு பத்து நிமிடம் சின்னக்காவைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே பெரம்பலூர். புதிய படம் இத்துடன் இணைத்துள்ளேன். கோட்டை நேராகப் போட்டிருக்கிறேன்.

சிவரஞ்சனிக்கு எங்கள் ஆசிகள். இருவரும் நீண்ட ஆயுளோடும், நல்ல செரிமானத்தோடும் வாழ வேண்டும்.

இப்படிக்கு, உங்கள் நலம் நாடும்,
செல்லமுத்து.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் பரிமளா போன் செய்தாள். "மாமா, அவன் என்னைக்கு வரான், எப்ப வரான்னு நான் கேக்கல. வர்றப்ப எங்க சாப்புட்டுட்டு வருவான், அத மட்டும் சொல்லுங்க" என்றாள். பக்கத்திலிருந்து வளர்மதி போனைப் பிடுங்கி, "உன் வூட்டுலதான்டி" என்று சொல்லி வைத்துவிட்டாள். எனவே மேலே எழுதிய திட்டம் ரத்து. இணைத்த படத்தைச் சிவரஞ்சனி பார்க்கும் முன் கிழித்துவிடுங்கள். கோயில்கள் ஆயிரம் வருடம் நின்றவை, அடுத்த லீவு வரை நிற்கும். குஞ்சம்மா சித்திக்கும் கருப்பண்ணனுக்கும் நீங்கள் வருவதே தெரிய வேண்டாம். நேராக தா.பழூர் போகிறோம். அன்று காலை உங்கள் பெரியக்கா பழக்கதோஷத்தில் இட்லித் தட்டோடு வந்து நிற்பாள், கெஞ்சுவாள், நானும் சபலப்பட்டு "ஒண்ணே ஒண்ணு" என்பேன். எங்கள் இருவர் பேச்சையும் கேட்காமல், வெறும் வயிற்றோடு வண்டியில் ஏறுங்கள்.