கைப்பிடி திருப்பிய விவரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நானும் தங்கள் மனைவியும் நலம். பயிற்சி வகுப்பில் தாங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சாப்பிட்ட பிறகு இக்கடிதத்தைப் படிக்கவும்.

பல்கலைக்கழக மாணவியர் விடுதிக்கு மழைநீர்த் தொட்டி கட்டி முடித்த கையோடு, "ஒரே ஒரு வேலைதான் மாமா. மழை ஆரம்பிச்சா கூரை அழுக்கு முதல்ல வெளியே போகட்டும். தண்ணி தெளிஞ்சதும் இந்தக் கைப்பிடியைத் திருப்பிடுங்க, தொட்டிக்குப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் பயிற்சிக்குப் போனீர்கள். எவ்வளவு தெளிய வேண்டும் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். முப்பது வருடம் ஆய்வுக்கூடத்தில் எதையும் மூன்று முறை நிறுத்துப் பார்த்தவன், இதைக் கேட்காமல் விட்டேன்.

முதல் மழையில், கைப்பிடிக்கு மேலே கூரையிலிருந்து இறங்கும் குழாயிலிருந்து கண்ணாடிக் குவளையில் தண்ணீர் பிடித்து, அதன் வழியாகச் செய்தித்தாளைப் படித்துப் பார்த்தேன். தலைப்பு தெரிந்தது, பொடி எழுத்து தெரியவில்லை, குற்றம் தண்ணீரிலா என் கண்ணிலா என்று மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதற்குள் மழை நின்றுவிட்டது. இரண்டாம் மழையில் குவளையின் மேல் சந்தேகம் வந்து, வேறு குவளை எடுக்க வீட்டுக்குப் போனேன்; அதுவும் நின்றது. மூன்றாம் மழையில் விடுதிக் காப்பாளர் அம்மாவே குடையோடு வந்து, "நான் குடிச்சே காட்டட்டுமா சார்? திருப்புங்க!" என்றார். "அவசரப்படாதீங்கம்மா, இன்னொரு தடவை பார்த்துடறேன்" என்றேன். "நீங்க பார்த்து முடிக்கறதுக்குள்ள என் பொண்ணுங்க படிப்பே முடிஞ்சிடும்" என்றார். எதிரே வாய்க்காலில் தண்ணீர் பொங்கி ஓடியது; அத்தனையும் நான் வீணாக்கிய கூரைத் தண்ணீர் என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமைக்குள் தொட்டி பாதியாவது நிறையாவிட்டால் விடுதியை மூடி, இருநூறு பெண்களையும் தேர்வுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அதனால் நேற்றைய மழையில், குவளையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்னு கண்ணை மூடிக்கிட்டுத் திருப்பிட்டேன் மாப்பிள்ளை. ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துச்சு. ஆனா ஒரே மழையில எவ்வளவு நிறையும்? திறந்து பார்க்கலாம்னா பூட்டுச் சாவி உங்க பையோட போயிடுச்சு.

மூன்று மழையை வீணாக்கியவன் நான். பல்கலைக்கழகத்தில் கேட்டால், பழியை என் பெயரிலேயே எழுதிக்கொடுங்கள். நேரத்துக்குத் தூங்கவும். ஆசிகளுடன்,

தங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் காப்பாளர் அம்மா வந்தார். பூட்டை உடைத்துப் பார்த்தாராம். தொட்டி முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருக்கிறது. விடுதியை மூடவில்லை. ஆனால் நான் திருப்பிய கைப்பிடி இப்போது வெளிப்பக்கம் நிற்கிறதாம்; அப்படியென்றால் புறப்படும் அவசரத்தில் தாங்கள் கைப்பிடியைத் தொட்டிப் பக்கமே வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் தயங்கிய மூன்று மழையும் தூசி, புறா எச்சம் சகிதம் உள்ளே போயிருக்கின்றன. குளிக்க, துவைக்க ஆகும், குடிக்க ஆகாது. வாய்க்காலில் ஓடியது வெறும் தெருத் தண்ணீர். நான் துணிந்து திருப்பிய அந்த ஒரு மழைதான் முழுசாக வெளியே போயிருக்கிறது. "அப்பா, இனிமே எதையும் தொடாதீங்க, நல்லா சந்தேகப்பட்டுக்கிட்டே இருங்க" என்கிறாள் தங்கள் மனைவி. வானம் மறுபடி இருட்டுகிறது. கைப்பிடியை இப்போது எந்தப் பக்கம் வைப்பது? உடனே பதில் போடவும்.