சட்டைப் பைக்குள் இருந்த மைக்

“…வரப்போற பெரிய மனிசரில தொடங்கி, ஃபாதரில நிண்டு, ஐயரில ஏறி, கடைசியா மௌலவியில வந்து இறங்கிட்டியள். இனி ஆரப்பா மிச்சம்?”

இதைக் கேட்டவள் என் மனைவி யோகம். கேட்டது என்னிடம். ஆனால் அந்தக் கேள்வி என் காதுக்கு வந்த அதே நேரத்தில், குளக்கட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஊர் முழுவதற்கும் போய்ச் சேர்ந்தது. ஏனென்றால் அவள் கேட்டபோதும் என் சட்டைப் பைக்குள் இருந்த மைக் உயிரோடுதான் இருந்தது. (உயிர் போனால் நல்லது என்று நினைத்தது நான் மட்டும்.)

அதற்குப் பிறகு அவள் என்ன செய்தாள் என்பதைச் சொல்ல முன், நான் அந்தக் கதிக்கு வந்த கதையைச் சொல்லவேண்டும்.

எனக்குத் தொழில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது. பூவரசங்குளத்துப் பக்கத்தில் எங்கே கூட்டம் கூடினாலும் சிவம் என்கிற என்னுடைய லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் கிட்டக் கேட்க இரண்டு பொக்ஸ், தூரத்துக்குக் கேட்க நான்கு குழாய், ஒரு ஜெனரேற்றர் வந்து இறங்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. மிச்சப் படிப்பை அம்ப்ளிபயரைக் கழற்றிப் பூட்டியும், பேப்பரை முன்பக்கம் தொடக்கம் மரண அறிவித்தல் வரை வாசித்தும் நானாகவே முடித்தேன்.

பெருமையாகச் சொல்ல என்னிடம் காணி பூமி அதிகம் இல்லை. ஒரே ஒரு பெருமைதான் இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கும் என் குழாய்தான், மாதா கோயில் பெருநாளுக்கும் என் குழாய்தான், பள்ளிவாசல் பரிசளிப்புக்கும் என் குழாய்தான். தேர்தல் வந்தால் காலையில் ஒரு கட்சி, பின்னேரம் அடுத்த கட்சி. மூன்று சமயமும் எல்லாக் கட்சியும் ஒருவனையே கூப்பிடுவது சின்ன விஷயமா? வெளிநாட்டுத் தூதுவருக்குக்கூட இந்த மரியாதை கிடையாது என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறவன் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும். அதுதான் எனக்கு வராது. மற்றவர்கள் மைக்கைத் தட்டி “ஹலோ, வன், டூ, த்ரீ” என்பார்கள். நான் அன்றைய தலைப்புச் செய்தியைச் சொல்லி, அதற்கு என் கருத்தையும் சொல்லித்தான் மைக் சோதிப்பேன். சனத்தின் வாயிலிருந்து விழுகிற நல்ல கதையைப் பொறுக்கி வைத்திருந்து அதையும் இடையில் சேர்ப்பேன். வயலில் நின்ற ஒரு பெரியவர் ஒருமுறை, “ரேடியோவில பெய்யிற மழைக்கு என்ர வரம்பு நனையாது தம்பி” என்றார். அந்த ஒரு வரியை வைத்து மூன்று மாதம் மைக் சோதித்தவன் நான்.

சம்பவம் நடந்தது மூன்று வருடத்துக்கு முன்னால், சோளகக் காற்று பேயாய் வீசுகிற ஒரு காலம். எங்கள் ஊரின் பொதுநோக்கு மண்டபத்துக்குத் திறப்பு விழா. அது அந்த மண்டபத்துக்கு மூன்றாவது திறப்பு விழா. கூரை போட்டதற்கு ஒருவர் திறந்தார். வர்ணம் பூசியதற்கு இன்னொருவர் திறந்தார். இப்போது நிலத்துக்கு மாபிள் பதித்ததற்கு மூன்றாமவர் வருகிறார். (கரண்ட் கொடுக்கவில்லை. அதற்கு நான்காவது விழா இருக்கலாம்.) பிரதம விருந்தினர் ஓர் அரசியல்வாதி. பெயர் வேண்டாம். கட்சியைச் சொல்லலாம் என்றால், அதற்குப் பிறகு அவர் இரண்டு தரம் மாறிவிட்டார்.

எங்கள் நாட்டு வழக்கப்படி மேடையில் ஐயர், ஃபாதர், மௌலவி மூவரும் ஆசியுரை சொல்லாமல் ஒரு ரிபனும் வெட்டுப்படாது. ஆகவே என்னை ஊட்டி வளர்க்கிற மூன்று இடமும் அன்றைக்கு ஒரே மேடைக்கு வரவிருந்தன. என் புதுச் சாமானைக் காட்ட இதைவிட நல்ல நாள் கிடைக்குமா? கொழும்பிலிருந்து வயர் இல்லாத மைக் ஒன்று இறக்கியிருந்தேன். அடியில் திருகிக் கழற்றினால் இரண்டு பற்றறி, நடுவில் ஒரு பச்சை லைற். அதோடு சத்தத்தைப் பொக்ஸுக்கு வேறாகவும் குழாய்க்கு வேறாகவும் அனுப்புகிற புதுப்பெட்டி ஒன்று. செய்முறைப் புத்தகம் சீன மொழியில் இருந்தது. யூரியூப்பில் ஒருவர் விளங்கப்படுத்தினார், அவர் என்ன மொழி என்று இன்றுவரை தெரியாது. இனிக் கம்பி என்னத்துக்கு என்று பழைய வயர் மைக் எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மண்டபம் வயலுக்கு நடுவில். ஊர், குளக்கட்டுக்கு அந்தப் பக்கம். சனத்தைக் கூப்பிட வேண்டுமே என்று நான்கு குழாயையும் குளக்கட்டில் நின்ற பனையில் ஏற்றி, ஊரைப் பார்க்கத் திருப்பிக் கட்டினேன். காற்றும் அந்தப் பக்கம்தான் வீசியது. “மன்னார் வரைக்கும் கேக்கும்” என்று, விழாவை ஒழுங்குசெய்த பெண்கள் சங்கத் தலைவி சறோ அக்காவிடம் சொன்னேன். அவாவுக்குக் கிட்டக் கேட்ட சத்தமே போதுமாக இருந்தது. “தம்பி, காது கிழியுது, குறையுங்கோ” என்றா. நானும் மரியாதையாகப் பொக்ஸின் சத்தத்தை அடியோடு குறைத்தேன். குழாய்க்கு வேறு திருகு இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தது ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

பிரதம விருந்தினர் வழக்கம்போலப் பிந்தினார். பாட்டு முடிந்தது. நான் மைக்கைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் போனேன். அங்கே றாசிக் நானா சோடாப் போத்தல்களை ஐஸுக்குள் புதைத்துக்கொண்டிருந்தார். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிக் கடை போட்டவர். என் கருத்துகளுக்கு அவரைப் போலக் காது கொடுக்கிற ஆள் இல்லை. பக்கத்தில் ஜெனரேற்றர் இரைந்தது. ஆகவே இரண்டு பேரும் கத்தித்தான் கதைத்தோம். என் தலைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் மைக் தலையை நீட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டது.

நானா பேப்பரைக் காட்டினார். இனி மனிசர் செய்கிற வேலையை எல்லாம் மெசின் செய்யும், எழுதும், பேசும், யோசிக்கும் என்று போட்டிருந்தது. யாருக்கு வேலை போகும் என்று அவருக்கு யோசனை. கருத்துக் கேட்டால் நான் விடுவேனா?

பனையில் ஏறிக் குழாய் கட்ட மெசினால் முடியாது, ஆகவே என் வேலை தப்பும் என்றேன். ஆபத்து மேடையில் இருக்கிறவர்களுக்குத்தான். பிரதம விருந்தினரின் பேச்சை என் அம்ப்ளிபயர் பதினொரு தரம் கேட்டிருக்கிறது, ஊர்ப் பெயர் மட்டும்தான் மாறும், அதற்கு மெசின்கூடத் தேவையில்லை, பழைய கசற் காணும் என்றேன். ஃபாதர் “இறுதியாக” என்று சொன்ன பிறகுதான் நான் தேத்தண்ணிக்கு எழும்புகிறவன், குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் இறுதி வந்திருக்காது என்றேன். ஐயர் இப்போது மந்திரத்தைப் போனில் பார்த்துத்தான் சொல்கிறார், போன கும்பாபிஷேகத்தில் நடுவில் கனடாவிலிருந்து மகன் கூப்பிட, அந்த மணிச் சத்தத்துக்கும் சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது என்றேன். மௌலவி தங்கமான மனிசர், ஆனால் மைக்கை ஐஸ்கிறீம் மாதிரி வாயோடு ஒட்டிப் பிடிப்பார், அவர் மூச்சு விட்டால் என் குழாயில் புயல் அடிக்கும் என்றேன். நானா சிரித்துச் சிரித்து ஐஸ்பெட்டியில் சாய்ந்தார்.

“அப்ப சிவம், மூண்டு பேரிலயும் ஆர் திறம்?” என்று கேட்டார்.

“மூண்டு பேரும் கடவுளுக்குக் கேக்கவேணும் எண்டு கதைக்கினம் நானா. முன்னால இருக்கிற சனத்துக்குக் கேட்டாக் காணும். கடவுளுக்கு என்னத்துக்கு அம்ப்ளிபயர்?”

இந்த வசனம் எனக்கே பிடித்துவிட்டதால் இரண்டாம் தரமும் சொன்னேன்.

அப்போதுதான் குளக்கட்டால் சனம் வரத் தொடங்கியது. சைக்கிளில், மோட்டார் சைக்கிளில், உழவு மெசின் பெட்டியில். பிரதம விருந்தினரின் வாகனப் புழுதியைக் காணாமல் வீட்டை விட்டு வெளிக்கிடாத சனம். “பாத்தியளோ நானா, சாமான் நல்லதெண்டாச் சனம் தானா வரும்” என்றேன். (அதுவும் ஊருக்குக் கேட்டது.) வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் கைகூப்பினேன். ஒரு பெரியவர் வந்து என் கையைப் பிடித்து, “உப்பிடி ஒருத்தரும் வெளிப்படையாச் சொல்லேல்ல தம்பி” என்றார்.

“புதுச் சாமான் ஐயா. தெளிவாக் கேட்டதோ?”

“தண்ணி மாதிரி.”

வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் நின்றது கிடையாது. அந்தப் பெருமையோடு நிற்கும்போதுதான் யோகம் சைக்கிளில் வந்து இறங்கினாள். எங்கள் வீடும் கட்டுக்கு அந்தப் பக்கம்தான். வீட்டுச் சட்டை, தோளில் துவாய், விரலில் திருவின தேங்காய்ப்பூ. கூட்டம் என்றால் எட்டியும் பார்க்காதவள். வந்து நின்று, நான் முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டாள். கேட்டுவிட்டு என் சட்டைப் பையை விரலால் காட்டினாள். பச்சை லைற் எரிந்துகொண்டிருந்தது.

யோகம் மைக்கை உருவினாள். எங்கே நிற்பாட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் அந்த நேரம் தெரியவில்லை. அடியைத் திருகி இரண்டு பற்றறியையும் உள்ளங்கையில் கொட்டி, வெறும் மைக்கை என்னிடம் தந்துவிட்டு, பற்றறியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், முன்வரிசையில், விசேட விருந்தினர் என்று கடதாசி ஒட்டியிருந்த கதிரையில் இருந்தாள்.

விருந்தினர்கள் வந்தார்கள். மூன்று சமயத்தவரும் ஃபாதரின் ஒரே வாகனத்தில். (பெற்றோல் விலை வளர்த்த ஒற்றுமை.) பின்னால் பிரதம விருந்தினர். தன் பேச்சைப் பற்றி நான் சொன்னதை வழியில் கேட்டிருந்த அவர் இறங்கவில்லை. கண்ணாடி மட்டும் இறங்கியது. அவருடைய ஆள் சறோ அக்காவிடம் வந்து, இந்த ஒலிபெருக்கிக்காரன் சாமானைக் கழற்றிக்கொண்டு போகவேண்டும், இல்லாவிட்டால் ஐயா மேடையேற மாட்டார் என்றார். சறோ அக்கா என்னைப் பார்த்தா. பிறகு மேடையில் இருந்த மூவரையும் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன். (மாபிள் நன்றாகத்தான் பதித்திருந்தார்கள்.) கோயில், மாதா கோயில், பள்ளிவாசல், என் ஒரே பெருமை, எல்லாம் அந்த மூன்று வாயில் தொங்கியது.

முதலில் எழும்பியவர் மௌலவி. நேரே என்னிடம் வந்தார். “ஐஸ்கிறீம் எண்டது சரிதான் தம்பி. அப்ப எப்பிடிப் பிடிக்கிறது? காட்டுங்க” என்றார்.

பற்றறி இல்லாத மைக்கை வாய்க்கு நான்கு விரல் தள்ளிப் பிடித்துக் காட்டினேன். அவர் வாங்கி அப்படியே பிடித்துப் பார்த்தார். ஐயர் மடியிலிருந்து போனை எடுத்து றாசிக் நானாவிடம் கொடுத்து, மகன் எடுத்தால் கூட்டத்தில் நிற்கிறார் என்று சொல்லச் சொன்னார். ஃபாதர், வாகனத்தைக் குளத்து மதகடியில் நிற்பாட்டி மூவருமாகக் கடைசிவரை கேட்டதாகவும், ஐயருக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டதாகவும் சொன்னார். பிறகு பிரதம விருந்தினரின் ஆளைப் பார்த்தார்.

“இவர் கழட்டினால் நான் தொண்டையாலதான் கத்தவேணும். கத்தினால் இன்னும் நீளும். யோசிச்சுச் சொல்லுங்கோ.”

சனம் சிரித்தது. வாகனத்தின் கதவு திறந்தது. இவ்வளவு சனத்தையும் ஒரு கமராக்காரரையும் விட்டுவிட்டுத் திரும்பிப் போக எந்த அரசியல்வாதிக்கு மனம் வரும்?

அந்தக் கோயில், அந்த மாதா கோயில், அந்தப் பள்ளிவாசல் மூன்றுக்கும் இன்றைக்கும் என் குழாய்தான். சமயத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லி எத்தனையோ இடத்தில் மண்டை உடைகிற காலத்தில், சொன்னவனிடமே மைக் பிடிக்கப் பழகிய மனிசர் எங்கள் ஊர் மேடையில் இருக்கிறார்கள். அதை எங்கே வேண்டுமென்றாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். மைக் நிற்பாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான். வீட்டில் இரவுச் செய்தி பார்க்கும்போது நான் தொண்டையைச் செருமினால், மகள் பற்றறி கேட்கிற மாதிரி உள்ளங்கையை நீட்டுவாள். போன மாதம் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலும் நீட்டினாள். நான் நாட்டு நடப்பில் கால் வைத்து ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் விளக்கம் கேட்டார். சொன்னோம். சம்பந்தம் சரிவந்துவிட்டது.

அன்றைக்கு யோகம் ஒவ்வொரு பேச்சுக்கும் கதிரையால் எழும்பிப் போய்ப் பற்றறியைப் போட்டுக் கொடுத்தாள், முடியக் கழற்றிக்கொண்டு வந்தாள். ஃபாதர் நான்கு நிமிடத்தில் முடித்தார், “இறுதியாக” என்ற சொல்லே இல்லை. ஐயர் மந்திரத்தை மனப்பாடமாகச் சொன்னார். மௌலவியின் ஆசியுரையில் ஒரு புயலும் அடிக்கவில்லை. கடைசியாகப் பிரதம விருந்தினர் மைக்கைப் பிடித்தார். பத்து நிமிடம், இருபது நிமிடம், நான் பதினொரு தரம் கேட்ட அதே பேச்சு. இருபத்தைந்தாவது நிமிடத்தில் யோகம் எழும்பி, தேங்காய்ப்பூ காய்ந்த கையை நீட்டிக்கொண்டு அவருக்கு நேரே போய் நின்றாள். ஊர்ப் பெண் ஒருத்தி வாழ்த்த வருகிறாள் என்று நினைத்த அவர், முகம் மலர்ந்து அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். கமராக்காரரும் படம் எடுத்தார். யோகம் குலுக்கி முடியும்வரை பொறுத்திருந்து, மற்றக் கையால் மைக்கை வாங்கி, அடியைத் திருகி, இரண்டு பற்றறியையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சைக்கிளில் ஏறி, மிச்சத் தேங்காயைத் திருவ வீட்டுக்குப் போனாள்.