வேல் குத்தியும் சிரிச்ச சூரன்

அண்டைக்கு எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. சூரன்ர தலையை மாத்திறது.

புங்குடுதீவில எங்கட கோவில் சூரன்போர். மரத்தால செய்த பெரிய சூரன். பத்துப் பன்னிரண்டு பேர் தோளில காவுவினம். ஒருத்தன் மட்டும் மேல, சூரன்ர முதுகுக்குப் பின்னால ஒளிச்சு நிப்பான். முருகன்ர வேல் வந்து தொட்டதும் ஒரு தலையைக் கழட்டி அடுத்ததைப் பூட்டோணும். முதல் யானைத்தலை, பிறகு சிங்கத்தலை, கடைசியாச் சூரன்ர சொந்தத் தலை. அதுவும் கழண்டால், சூரன் மாமரமானதைக் காட்ட ஒரு மாங்கொப்பு. சின்னப் பிள்ளையும் செய்யும்.

நான் ஏறினதுக்குக் காரணம் பக்தி இல்லை, கலியாணம். புளியங்கூடலில இருந்து பெம்பிளை வீட்டார் சூரன்போருக்கு என்னைப் பாக்க வருகினம். அப்பா தரகரிட்டைப் புளுகி வைச்சிருந்தவர்: "பெடியன் ஆறு நாளும் விரதம். சூரனுக்கே தலை மாத்திறவன்!"

எல்லாம் பிழையாப் போனது என்ர மச்சானால. கொழும்புக் கடையில நிக்கிறவன், ஒரு படக்கதைப் புத்தகம் கொண்டு வந்திருந்தான். "இரவு ரெயிலுக்குப் போறன். பின்னேரத்துக்குள்ள தந்திடு" எண்டான்.

ஐயோ, என்ன புத்தகம்! பறக்கிற வீரன் ஒருத்தன் இருக்கிறான், ஆனா அவன் சும்மா ஒப்புக்கு. கதாநாயகனே வில்லன்தான். கொல்லப்போற ஆளுக்கு முதல் நாளே மலர்வளையம் அனுப்பிவிடுவான். "பூ பிடிச்சிருக்கோ?" எண்டு ஒரு கடிதமும் வைப்பான்.

எட்டுப் பக்கம் மிச்சம். எப்பிடி விடுறது? மடியில செருகிக்கொண்டு சூரனில ஏறிட்டன்.

யானைத்தலை நல்லாப் போச்சு. சிங்கத்தலையும் போச்சு. ஒவ்வொரு வீதி மூலையிலயும் மேளக்காரர் நிண்டு வாசிப்பினம். அந்த இடைவெளியில நானும் வாசிப்பன். சனம் பாக்கிறது சூரன்ர முகத்தை. முதுகுக்குப் பின்னால நடக்கிறது ஆருக்குத் தெரியும்?

கடைசித் தலை. அரோகராச் சத்தம் காதில விழுந்ததுதான். ஆனா புத்தகத்தில பறக்கிற வீரன் வில்லன்ர கழுத்தைப் பிடிச்சிட்டான்! வில்லன் ஆறுதலாச் சொல்லுறான்: "கொஞ்சம் பொறும். எனக்கும் ஒரு வளையம் சொல்லி வைச்சனான். அது வரட்டும்."

நான் வாய்விட்டுச் சிரிச்சுப்போட்டன்.

அந்த நேரம் பாத்து வேல் சூரன்ர நெஞ்சில!

தலை விழேல்லை. சூரன் சிரிக்கிறார்.

மேளம் நிண்டுட்டுது. முன்னுக்கு நிண்ட ஒரு மனுசி, "முருகா! சூரன் சிரிக்கிறானப்பா!" எண்டு கத்தினபடி உரு வந்து ஆடத் துவங்கிட்டா.

கீழ காவிக்கொண்டு நிண்ட மணியண்ணை உறுக்கினார்: "டேய், தலையைக் கழட்டடா! ஆறு நாளாப் பட்டினி, தோள் ஏலாது. கெதியாச் சாகச் சொல்லு அவனை!"

 சூரன்ர தலையைக் கழட்டி, பாக்காமல் கையில அகப்பட்டதைத் தூக்கிப் பூட்டினன்.

யானைத்தலை.

ஐயர் வேலோட அண்ணாந்து பாத்தார். "தம்பி, இவரை அப்பவே சாக்காட்டியாச்சு!"

மாங்கொப்பை எடுக்கக் குனிஞ்சன். மடியில இருந்த புத்தகம் நழுவி, நேர கோவில் மனேச்சரின்ர காலடியில விழுந்துது. அட்டையில வில்லன் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறான். மனேச்சர் எடுத்துப் பாத்தார். பக்கத்தில நிண்ட பெம்பிளையின்ர தேப்பனும் எட்டிப் பாத்தார். கலியாணம் குழம்பிட்டுது எண்டு அந்த இடத்திலயே விளங்கிட்டுது.

புத்தகம் பறிமுதல். மச்சான் என்னைத் திட்டித் திட்டியே ரெயிலுக்குப் போனான். அப்பா என்னோட கதைக்கிறதை விட்டுட்டார்.

மூண்டாம் நாள் தரகர் வந்தார். அப்பா தலை குனிஞ்சுகொண்டு, "தேப்பன் என்ன சொன்னவர்?" எண்டு கேட்டார்.

"அவர் வீட்டை போய் நடந்ததெல்லாத்தையும் சொல்லித் திட்டினவர். ஆனா பெம்பிளைப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டு வரச் சொன்னது. மறுமொழி தெரிஞ்சால்தான் மிச்சக் கதையாம்."

"என்ன கேள்வி?"

"அந்தப் புத்தகத்தில கடைசியா வில்லன் செத்தவனோ, தப்பினவனோ எண்டு."

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லேலாது. இப்பிடியொரு பெட்டையை விடலாமோ! சைக்கிளை உழக்கிக்கொண்டு மனேச்சர் வீட்டு வாசலில போய் நிண்டன். "ஐயா, பிழைதான், மன்னிக்கோணும். அந்தப் புத்தகம்..." எண்டு இழுத்தன்.

மனேச்சர் உள்ளுக்கிருந்தே குரல் குடுத்தார்: "பொறும் தம்பி, எனக்கு இன்னும் நாலு பக்கம் கிடக்கு."