நோய் எண்ணூறு கிராம்

எழுபத்திரண்டு மணி நேரத்தில் இரண்டே முக்கால் கிலோ எடை குறைந்திருந்தது. பஸ் டிரைவரின் உடம்பிலிருந்து இவ்வளவு நோய் வெளியேறிவிட்டது என்று அவர் மனைவி தையல்காரம்மா பூரித்துப்போயிருந்தாள். டிரைவரால்தான் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. அது சின்ன விஷயம்.

எல்லாம் எடைச்சாமியின் அருள்.

ஊரெங்கும் வைரஸ் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு அடிதடி. அதைவிட நீளமான வரிசை எதிரே, மூடிக்கிடந்த செருப்புக்கடை வாசலில் நின்றது. உள்ளே எடைச்சாமி. முன்னால் காய்கறி நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசு, பின்னால் கொடிக்கயிறு, தலைக்கு மேல் ஃபேன். "கட்டணம் இல்லை" என்று ஒரு பலகை. பலகைக்குக் கீழே பூட்டுப் போட்ட பெட்டி. பெட்டியில் எதுவும் போடாதவர்களின் நோயாளிகள் பிழைப்பதில்லை என்று பக்கத்தில் நிற்கும் மீசைக்காரச் சீடர் சொல்வார். ரகசியமாக, தெருமுனை வரை கேட்கும்படி.

நோயாளியின் துண்டைக் கொண்டுவர வேண்டும். சாமி முணுமுணுத்தபடி அதன்மேல் தீர்த்தத்தைத் தெளிப்பார். தாராளமாகவே தெளிப்பார். தராசில் போடுவார். "எண்ணூறு கிராம் நோய்!" கூட்டம் உச்சுக்கொட்டும். துண்டு ஃபேனுக்கடியில் கொடியில் தொங்கும். மறுநாள் நிறுத்தால் நானூறு. பாதி நோய் பறந்துவிட்டது! கூட்டம் கைகூப்பும்.

இருபது வருஷமாகத் துணியோடு குடித்தனம் நடத்தும் தையல்காரம்மாவும் கைகூப்பினாள். பயம் வந்தால் கைத்தொழில்கூட மறந்துவிடுகிறது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. டிரைவர் நூற்றெட்டு கிலோ. "எடை அதிகமா இருக்கிறவங்களுக்கு இந்தக் காய்ச்சல் கடுமையாகலாம்மா. அதுக்காக..." என்று டாக்டர் இழுத்தபோதே அவள் படியிறங்கிவிட்டாள். அந்தப் பாதிப் பேச்சைச் சாமி முழு வியாபாரமாக்கினார்.

"சதை இருக்கிற இடத்துலதான் கிருமி குடியிருக்கும். பட்டினி போடு, தானா காலி பண்ணிடும். தீர்த்தம் மட்டும் குடு. டாக்டர்கிட்ட மூச்சு விடாதே. வெளிய சொன்னா பலிக்காது."

எவ்வளவு பத்திரமான வைத்தியம், பாருங்கள்.

வார்டில் மூன்று வேளையும் ரொட்டி, முட்டை, பால் என்று தட்டு வந்தது. சாப்பாட்டை வீணாக்கலாமா? தையல்காரம்மாவே தீர்த்துவைத்தாள். நர்ஸ் காலித் தட்டைப் பார்த்து, "நல்லாச் சாப்பிடுறாரே!" என்பாள். ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து டிரைவர், "ஏய்... ஒரு வாய்..." என்று முனகுவார். "பொறுங்க, நோய் இறங்குது," என்று இவள் தீர்த்தத்தை நீட்டுவாள். மூன்றாம் நாள் காலை அவளுடைய ரவிக்கைக் கொக்கி ஒன்று பதவி விலகியது.

அதற்கு முதல் நாளே டிரைவரின் தங்கை வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். அண்ணனைக் கண்டதும் முகம் சுண்டியது.

"என்ன அண்ணி, இப்படி வாடிப்போயிட்டாரு?"

"வாட்டமா? நோய் இறங்குதுடி. எல்லாம் எடைச்சாமி மகிமை."

"அப்படியா? எனக்கும் அந்த மகிமையைக் காட்டுங்க."

அன்று மாலை டீச்சர் ஒரு துண்டோடு வரிசையில் நின்றாள். "என் மாமனாருது சாமி. மூணாவது வார்டு."

தையல்காரம்மா வாயைத் திறந்தாள். நாத்தனார் அவள் காலை மிதித்தாள்.

"தெளிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை நிறுத்துப் பாக்கலாமா சாமி?"

"தீர்த்தம் படாம நோய் தலைகாட்டாது. படிச்ச பொண்ணு போலிருக்கு!" என்று வசவுபோலச் சொன்னார் சாமி. தெளித்தார், நிறுத்தார். எண்ணூற்றிருபது. "பாவம், பெரியவர் ரொம்பக் கஷ்டப்படுறார்." குரல் தழுதழுத்தது.

மறுநாள் அதே துண்டு முன்னூற்றெண்பது.

"பாத்தியா! இந்நேரம் உன் மாமனார் எழுந்து உட்கார்ந்திருப்பார்."

"எங்க சாமி உட்கார்ந்திருப்பாரு? எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே."

டீச்சர் துண்டை வரிசையின் பக்கம் விரித்துக் காட்டினாள்.

"இது கடையில புதுசா வாங்கின துண்டு. ஒரு நோயாளி மூக்கைக்கூடத் துடைக்கல."

"அப்போ குறைஞ்ச அந்த நானூத்தி நாப்பது கிராம்?" என்றார் வரிசையில் ஒருவர்.

"தண்ணிங்க. காஞ்சுபோச்சு."

"அட, இந்த அற்புதத்தை எங்க வீட்டுக் கொடி தினமும் பண்ணுதே!" என்றார் இன்னொருவர். சிரிப்பு பொங்கியது.

"சந்தேகப்பட்டா நோயாளிக்கு ஆகாது!" என்று கத்திய சாமி, ஆதரவுக்குச் சீடரைத் தேடினார். சீடர் பெட்டியோடு தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார். சாமியும் வேட்டியை மடித்துக்கொண்டு அவர் பின்னால் பாய்ந்தார். அந்த வாசலில் நடந்த ஒரே நிஜ அற்புதம் அந்த ஓட்டம்தான்.

"ஈரம் காஞ்சா எடை குறையும். இதுக்குப் படிப்பு வேணாங்க, ஒரு நிமிஷம் யோசிச்சாப் போதும்," என்றாள் டீச்சர். "அந்த ஒரு நிமிஷத்தைத்தான் எல்லாரும் பெட்டியில போட்டுட்டீங்க."

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வார்டை நோக்கி ஓடினாள். பின்னாலேயே நாத்தனார்.

கட்டிலருகே ஸ்ட்ரெச்சர் நின்றது. டாக்டர் நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எடையும் குறையுது, மூச்சும் தளருது. பட்டினி கிடந்தா மூச்சு இழுக்கிற தசையும் சேர்ந்து கரையும், சரி. ஆனா இவர்தான் தட்டைக் காலி பண்றாரே! வயித்துல வேற ஏதோ கோளாறு. குழாய் விட்டுப் பாத்துடலாம்."

டிரைவர் மனைவியைப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது.

அவள் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் டாக்டர்... வயித்துல எந்தக் கோளாறும் இல்ல. மூணு நாளா அவர் வாயில ஒரு துண்டு ரொட்டிகூடப் போகல. வந்ததெல்லாம் நான்தான் சாப்பிட்டேன்."