மாலை போட்ட பெட்டி

"கழட்டு மேஸ்திரி!"

"கழட்டாதீங்க, போடுங்க!"

"புத்தர் இருக்கிற எடத்துல பூட்ஸா?"

"ஆணி கெடக்கிற எடத்துல வெறுங்காலா?"

இரண்டு குரலுக்கும் நடுவில் பெருமாள் மேஸ்திரி ஒரு காலில் ஷூவும் மறு காலில் வெறும் காற்றுமாக நின்றார்.

கழட்டச் சொன்னவர் முனிரத்தினம். தங்கச் சுரங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து வெளியே வந்தவர். மைசூர் மைன்ஸ் பகுதியில் எழும்பிக்கொண்டிருக்கும் புத்த விகாரைக்குச் செயலாளர். போடச் சொன்னவள் அவருடைய தம்பி மகள் அன்புச்செல்வி. கட்டட வேலைக்கு அவள்தான் சூப்பர்வைசர். ஆறு வருஷம் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குத் தொங்கிக்கொண்டு போனவளுக்குச் சொந்த ஊரில் கிடைத்த முதல் வேலை இது. பதினொரு மணிக்குக் கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் ஷோபா மேடம் வருகிறார். ஒரு வெறுங்கால் அவர் கண்ணில் பட்டாலும் வேலை நின்றுபோகும். அன்புச்செல்வி மறுபடியும் ரயிலில்.

வினை காலையில் லாரியில் வந்தது. டிரைவர் டைட்டஸ் இரண்டு பெட்டிகளை இறக்கிவிட்டுப் போனான். இரண்டுக்கும் ஒரே நீலத் தார்ப்பாய், ஒரே கயிறு. ஒன்றில் 'விகாரை' என்று சீட்டு. உள்ளே கல் புத்தர். பௌர்ணமிக்குப் பிக்கு வந்துதான் பிரிக்க வேண்டும். இன்னொன்றில் 'ஷூ' என்று சீட்டு. தேய்ந்த ஷூக்களுக்குப் பதிலாக இரும்பு முனை வைத்த பன்னிரண்டு ஜோடி. ஆபீசர் முன்னால் பிரித்துப் போட்டோ எடுக்க வேண்டும்.

முனிரத்தினம் புத்தர் பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்து வெள்ளைத் துணி போர்த்தினார். ஷூ பெட்டியை இறக்கின இடத்திலேயே விட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"பெரியப்பா, அது புது ஷூ. மேல உக்காராதீங்க."

"ஷூவுக்கு இன்னாம்மா மரியாதை?"

"சரி, புத்தரை இன்னும் பிரிக்கவே இல்லியே. அவருக்கு இன்னா தெரியப் போவுது?"

"மூடின கண்ணாலதான் அவரு எல்லாத்தையும் பாக்கிறாரு."

"மைன்ஸ்ல பூட்ஸ் இல்லாம ஒரு நாளாவது கேஜ்ல ஏறிக் கீழ எறங்கியிருப்பீங்களா?"

"கீழ லெவல்ல புத்தர் இல்லியே!"

வேலையாட்கள் பதினோரு பேரும் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். அன்புச்செல்வி அசரவில்லை.

"புத்தரைப் பின்னாடி ஷெட்டுல வைங்க. கூடத்துல வேலை நடக்கட்டும்."

நாலு பேர் தூக்க வந்தார்கள். பெருமாள் மேஸ்திரி தனியாகவே தூக்கிவிட்டார்.

"இன்னா, கல்லு புத்தர்னாங்க? இவ்ளோ லேசா இருக்கிறாரு!"

"ஆசையே இல்லாதவரு," என்றாள் சித்தாள் நாகம்மா. "கனம் எங்கேர்ந்து வரும்?"

ஷெட்டில்தான் சிமென்ட், மட்டப்பலகை, டைல்ஸ் வெட்டும் மெஷின் எல்லாம் இருந்தன. இப்போது அங்கேயும் ஷூ கூடாது என்றார் முனிரத்தினம். கூடத்திலும் கூடாது, ஒரு தடவை புத்தர் இருந்த இடம். நடுவில் அவர் போன வழியிலும் கூடாது.

"இன்னும் ரெண்டு தடவ நகத்துங்க," என்றாள் நாகம்மா. "பங்காருபேட்டை வரைக்கும் வெறுங்கால்தான்."

சொல்லி வாய் மூடவில்லை, அவள் உள்ளங்காலில் டைல்ஸ் சில்லு ஏறிவிட்டது. அன்புச்செல்வி சில்லைப் பிடுங்கி, கழுவி, துணி கட்டினாள். பிறகு நேராகப் பெரியப்பாவிடம் போனாள்.

"இந்த ரத்தத்தைப் பாத்தா அவரு சந்தோஷப்படுவாரா?"

பெட்டியின்மேல் ஆடிக்கொண்டிருந்த கால்கள் நின்றன.

"சரிம்மா. கேட்டுக்கு வெளிய மரத்தடியில வைங்க. உள்ள உங்க சட்டம், வெளிய எங்க சட்டம்."

அன்புச்செல்விக்கு மூச்சு வந்தது. கால்மணி நேரம்தான் வந்தது. எதிரே சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக்காரர்கள் பெட்டியைப் பார்த்துவிட்டார்கள். மாலை வந்தது, ஊதுவத்தி வந்தது. கேட்டில் செருப்புக் குவியல் இடுப்பு உயரம் ஏறியது. ஒரு நிமிஷம் கும்பிட்டு வருகிறோம் என்று பதினோரு பேரும் வெளியே போய், அப்போதுதான் மாட்டிய ஷூவைக் கழற்றி வரிசையில் நின்றார்கள். கும்பிட்டவர்கள் குவியலில் தங்கள் ஷூ எது என்று தெரியாமல் வெறுங்காலோடு உள்ளே வந்தார்கள்.

சரியாகப் பதினொன்றுக்குக் கார் வந்தது. ஷோபா மேடம் இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், தானும் ஷூவைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு உள்ளே நடந்தார்.

"என்னம்மா, ஒருத்தர் கால்லயும் ஷூ இல்ல? எல்லாம் எங்கே?"

"கேட்டுக்கு வெளிய, மேடம். உங்களதும் அங்கதான்."

ஷோபா மேடம் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். எழுதத் திறந்த பேனா அப்படியே நின்றது.

அந்த ஒரு நொடி அன்புச்செல்விக்குப் போதும்.

"புது ஷூ ரெடியா இருக்குது, மேடம். மண்ணே படாதது. இப்பவே உங்க முன்னாடி பிரிச்சு எல்லாரும் போட்டுக்கிறோம். உங்களுக்கும் ஒரு ஜோடி."

"முதல்ல பிரிங்க. அப்புறம் எழுதறேன்."

"மண்ணு படாத ஷூன்னா எனக்கும் சம்மதம்," என்றார் முனிரத்தினம், டீயை உறிஞ்சிக்கொண்டே. குதிகால்கள் பெட்டியில் தாளம் போட்டன.

"அப்ப எழுந்திரிங்க, பெரியப்பா."

"இரும்மா, டீ முடியட்டும். ஷூதானே, எங்க ஓடிடப் போவுது?"

கேட்டில் செருப்பை உதறிவிட்டு டைட்டஸ் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அக்கா, குடோன்ல சீட்டை மாத்தி ஒட்டிட்டாங்களாம்! வெளிய மாலை போட்டு வச்சிருக்கீங்களே, அது ஷூ. ஐயா ஏறி உக்காந்து ஒதைச்சிகினு இருக்காரே, புத்தர் அதுக்குள்ள இருக்கிறாரு!"