இழுத்துப் பார்த்த தோள்

கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காத ஆள் நான். ஐந்தாம் வகுப்பு வரை என்னோடு படித்தவர்களுக்கே என் குரல் தெரியாது.

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறேன். திருவேங்கடம் சாலையில் பைக்கிலிருந்து விழுந்ததில் வலது தோள் மூட்டு நழுவியது. பிறகு அதற்கு அதுவே பழக்கமாகிவிட்டது. சட்டையைக் கழற்றினால் தோளும் சேர்ந்து கழன்றது. கடைசியில் திருநெல்வேலியில் ஆபரேஷன்.

மறுநாள் டாக்டர் சொன்னார்: "கிழிஞ்ச தசைநாருக்குப் பதிலா செயற்கை நார் வச்சிருக்கு. பாலியஸ்டர் இழைதான். எலும்புல துளை போட்டுக் கட்டியிருக்கேன். ஆறு வாரம் இந்தக் கை பெல்ட்டக் கழட்டக் கூடாது."

பாலியஸ்டர் என்றதும் என் தறிதான் கண்முன் வந்தது. இழை அறுவதைத் தினமும் பார்க்கிறவன் நான். அறுந்ததை முடிச்சுப் போட்டால், இழுத்துப் பார்க்காமல் தறியை ஓட்ட மாட்டோம். என் தோளுக்குள் இருக்கும் முடிச்சை யார் இழுத்துப் பார்த்தது? அது அவிழ்ந்தால் தறி ஏது, சோறு ஏது? கேட்க வாய் வரவில்லை. "சரிங்கய்யா" என்றேன்.

அவர் போனதும் குளியலறைக்குள் புகுந்து தாழிட்டேன். பெல்ட்டைக் கழற்றி, ஜன்னல் கம்பியைப் பிடித்து லேசாக (தறிக்காரன் லேசுதான்!) ஓர் இழுப்பு.

நான் போட்ட சத்தத்தில் வார்டே திரண்டது.

"இங்கேருங்க! கதவத் தொறங்க!" என்று மனைவி அலறினாள்.

இடது கையால் திறந்திருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரி அங்கியின் நாடா அவிழ்ந்து, அது ஈரத்தரையில் கிடந்தது. குனிந்தால் உயிர் போகிறது. வெளியே பெண்கள் கூட்டம்.

பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணையிருந்த கடையநல்லூர்க்காரர் கதவில் வாயை வைத்துக் கேட்டார்: "என்ன வே, உடுப்பு இல்லையா?"

"ம்."

"அதச் சொல்லுததுக்கு என்ன? இந்தாரும்!" கதவுக்கு மேலே இருந்த இடைவெளி வழியாக அவருடைய மாற்றுச் சாரம் (லுங்கிதான்) வந்து என் தலையில் விழுந்தது. அதை ஒற்றைக் கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். எலும்பு முறிந்து கிடந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து சிரித்தார்கள்.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. எக்ஸ்ரே வரும்வரை முந்தானையால் கண்ணைத் துடைத்தபடியே இருந்தாள்.

படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர், "மூட்டு இடத்துலதான் இருக்கு. ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்றார்.

தறி முடிச்சைப் பற்றி முதல்முறையாக வாய் திறந்தேன். அவர் திட்டவில்லை. "நானும் கட்டுனதும் இழுத்துப் பாத்துட்டுத்தான் தையல் போட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார்.

வாயைத் திறந்திருந்தால் அந்தக் கதவை அப்படித் திறக்க வேண்டி வந்திருக்காது. தோள் தேறித் தறிக்குத் திரும்பிய பிறகும் இதை நினைத்துக்கொள்வேன். ஆனாலும் கூச்சம் போகவில்லை.

போன தையில் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். வழக்கம்போல் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். மனைவி சபையிலேயே முழுக் கதையையும் (சாரம் உட்பட) சொல்லிவிட்டு, "கேக்கணும்னா இப்பமே கேட்டுருங்க. பொறவு போயி இழுத்துப் பாக்காதீங்க" என்றாள். சபையே சிரித்தது.

மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "தம்பி... குடிப்பீகளா?" என்றேன்.

சிரிப்பு சட்டென்று நின்றது. மாப்பிள்ளை என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்:

"இல்ல மாமா. சந்தேகம்னா இழுத்துப் பாத்துக்கோங்க."