உப்புத் தடை குறித்து மாமனாருக்கு ஒரு விளக்கம்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகனின் பணிவான வணக்கம். இங்கே மூவரில் இருவர் நலம்; மூன்றாமவளான உங்கள் பேத்தியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். "உன் புருஷனுக்குப் புத்தி பேதலிச்சுடுச்சா?" என்று தாங்கள் போனில் உங்கள் மகளிடம் கேட்டது அடுத்த அறையிலிருந்த எனக்கும் கேட்டது. தங்கள் குரல் அப்படி. ஆகவே என் தரப்பையும் கேளுங்கள்.

பிறந்த மூன்றாம் நாள் பாப்பாவுக்கு வலிப்பு வந்தது தாங்கள் அறிந்ததே. மருந்தில் பெரிய வலிப்பு நின்றது. சின்னச் சின்னத் துடிப்பு நிற்கவில்லை. ஏன் என்று கேட்டேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "நம்ம மூளையில 'அடங்கு'ன்னு ஒரு சேதி போனா நரம்பு செல் அடங்கிடும். பிறந்த குழந்தைக்கு செல்லுக்குள்ள குளோரைடு அதிகம். அதனால அதே சேதி சில சமயம் செல்லை இன்னும் தூண்டி விட்டுடும். குளோரைடை உள்ளே இழுக்கிற பம்பு ஜோரா ஓடுது, வெளியே தள்ளுற பம்பு இன்னும் வளரல. இந்த மருந்தும் அந்தச் சேதியத்தான் பலப்படுத்துது. அதான் சில குழந்தைங்களுக்குச் சரியாப் பிடிக்கிறதில்ல."

பம்பு என்றதும் எனக்கு உயிர் வந்தது. பதினேழு வருடமாகக் குடிநீர் நிலையத்தில் பம்பு ஓட்டுகிறவன் நான். "பம்ப மாத்திடலாமே டாக்டர்?" என்றேன். "மாத்த முடியாது, தானா வளரும்" என்றார். தானாக வளர்ந்த பம்பை என் சர்வீசில் பார்த்ததில்லை மாமா. வெளியே தள்ள முடியாவிட்டால் உள்ளே வருவதை அடைக்க வேண்டும். வீட்டுக்கு வந்து உப்புப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் சோடியம் குளோரைடு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது! அன்றே அத்தனை உப்பும் சாக்கடைக்குப் போனது, தாய் சாப்பிடுவதுதானே பாலில் வரும் என்று உங்கள் மகளுக்குத் தடை, அவளுக்கு மட்டும் என்றால் அநியாயம் என்று எனக்கும் தடை, துணைக்கு வந்திருக்கும் உங்கள் மகன், என் மச்சான், "நான் என்ன பாவம் பண்ணேன்"னு கேட்டான், உனக்கும்தான்டான்னு சொல்லிட்டேன், இப்போ அவன் பக்கத்து வீட்டு நாயோட பிஸ்கட்டையே ஏக்கமாப் பாக்குறான், உங்க மக அவிச்ச முட்டையை என் பக்கம் தள்ளி "இதை மனுஷன் திம்பானா?"ங்கிறா, நான் அசையல.

நிலையத்து வழக்கப்படி தொட்டிலருகே ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். எந்தக் கை துடித்தது, எத்தனை விநாடி, மருந்துக்கு முன்பா பின்பா, எல்லாம் நேரத்தோடு. துடிக்காவிட்டால் 'ஏதுமில்லை'. நான் டியூட்டிக்குப் போனால் மச்சான் எழுதுகிறான். பயமாத்தான் இருக்கு மாமா. அதுக்காகக் கையக் கட்டிக்கிட்டு உக்கார முடியாது. தாங்களே வந்து சத்தம் போட்டாலும், துடிப்பு நிற்கும்வரை இந்த வீட்டில் உப்பு நுழையாது. வந்தால் வெறும் கையோடு வரவும்.

அத்தைக்கு என் வணக்கங்கள். தங்கள் ரத்த அழுத்தம் தணிய வேண்டுகிறேன். உப்பைக் குறைத்தால் தணியும்.

தங்கள் சொல் தட்டாத (இந்த ஒன்றைத் தவிர)
மருமகன்

பி.கு.: இதைத் தபாலில் போடும் முன் டாக்டரிடம் போனோம். சாப்பாட்டு உப்புக்கும் செல்லுக்குள் இருக்கும் குளோரைடுக்கும் சம்பந்தமே இல்லையாம். பாலூட்டுகிறவளை இப்படிப் படுத்தியதற்கு எனக்கு நல்ல டோஸ். உங்கள் மகள் நிமிர்ந்து உட்கார்ந்து ரசித்தாள். அங்கிருந்து நேரே கடைக்குப் போய் உப்பும் வாங்கிவிட்டாள். ஆனால் டாக்டர் என் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு மருந்தை மாற்றினார். நான்கு நாளாக 'ஏதுமில்லை', 'ஏதுமில்லை' என்றே எழுதுகிறோம். நிலையத்தில் அப்படி எழுதினால் தூங்கிட்டியா என்பார்கள். இங்கே உங்கள் மகள் அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி அழுகிறாள். மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். வெறும் கையோடு வரச் சொன்னது மட்டும் இருக்கட்டும். பாப்பாவைத் தூக்க இரண்டு கையும் வேண்டும்.